முழுத் தாவர உணவில் வயிறு நிறைகிறது, எடை மட்டும் குறைந்துகொண்டே போகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன்பு முழுத் தாவர உணவுக்கு மாறினேன். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றோடு எண்ணெய், சர்க்கரை, மைதா போன்றவற்றையும் விட்டுவிட்டு, தானியம், பருப்பு, கிழங்கு, காய்கறி, பழம் ஆகியவற்றை மட்டுமே உண்டு வருகிறேன். என் தந்தைக்கு ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே மாரடைப்பு வந்தது. எனக்கும் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்ததால்தான் இந்த முடிவை எடுத்தேன். இப்போது அந்த அளவு நன்றாகக் குறைந்துவிட்டது. ஆகவே பழைய உணவுக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு இல்லை.

சிக்கல் எடையில்தான். எனக்கு வயது 34, உயரம் 168 செ.மீ. தொடங்கும்போது 59 கிலோ இருந்தேன், இப்போது 51 கிலோ. நாள்தோறும் வேலைக்கு மிதிவண்டியில் போய் வருகிறேன், வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்கிறேன். முன்பு எளிதாகத் தூக்கிய எடைகளை இப்போது தூக்க முடியவில்லை. கைகால்கள் எப்போதும் சில்லென்று இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

ஆனால் எனக்குப் பசி இல்லை. காலையில் 60 கிராம் ஓட்ஸைத் தண்ணீரில் காய்ச்சி, அதனுடன் ஒரு தட்டு நிறையப் பழம் உண்கிறேன். நண்பகலில் அரைக் கிலோ அளவுக்குப் பச்சைக் காய்கறிகள், ஒரு கிண்ணம் பருப்பு, கொஞ்சம் தவிடு நீக்காத அரிசிச் சோறு. மாலையில் இரண்டு பழங்கள். இரவில் பெரிய கிண்ணத்தில் காய்கறி சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டு அல்லது மூன்று, சிறிது பீன்ஸ். கொழுப்பு கூடாது என்று படித்ததால் கொட்டைகளையும் விதைகளையும் அறவே தவிர்த்துவிட்டேன். ஒவ்வொரு வேளையும் இதற்குமேல் ஒரு கவளம்கூட இறங்காது என்னும் அளவுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. வயிறு நிறைய உண்பவனுக்கு உணவு எப்படிப் போதாமல் போகும்? இந்த உணவு முறையே எனக்கு ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மைதானா, அல்லது நான் எங்கோ தவறு செய்கிறேனா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. நீங்கள் அளவுகளையும் சேர்த்தே எழுதியிருப்பதால் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது.

முதலில் உங்கள் தேவை. 1990-இல் வெளியான மிஃப்லின் சமன்பாட்டின்படி, கிலோவில் எடையை 10-ஆலும் சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஆணாக இருந்தால் 5-ஐச் சேர்க்க வேண்டும், பெண்ணாக இருந்தால் 161-ஐக் கழிக்க வேண்டும். உங்களுடைய பழைய எடையான 59 கிலோவுக்கு இது 1,475 கலோரி. படுத்தே கிடந்தாலும் உடல் செலவிடுவது இவ்வளவு. மிதிவண்டியையும் பயிற்சியையும் கருதி இதை 1.6-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,360 கலோரி வருகிறது.

இனி வரவு. காலை உணவில் ஓட்ஸ் 230, பழங்கள் 150. நண்பகலில் பச்சைக் காய்கறிகள் அரைக் கிலோ இருந்தாலும் அவற்றின் பங்கு 120-ஐத் தாண்டாது. பருப்பு 200 கிராம் என்றால் 230, சோறு 150 கிராம் என்றால் 170. மாலைப் பழங்கள் 150. இரவில் சூப்புக்கு 150, உருளைக்கிழங்குக்கு 260, பீன்ஸுக்கு 125. கூட்டினால் 1,600-க்குச் சற்றுக் குறைவாகவே நிற்கிறது. மறுபக்கமிருந்தும் இதைச் சரிபார்க்கலாம். உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைவதற்கு ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பதால், 120 நாள்களில் எட்டுக் கிலோ குறைந்திருப்பது நாள்தோறும் 500 கலோரி அளவுக்குத் துண்டு விழுந்திருப்பதைக் காட்டுகிறது. (குறைந்ததில் தசையும் நீரும் கலந்திருக்கும் என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.) இரு வழியாகப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். நீங்கள் உண்பது போதவில்லை.

வயிறு நிறைந்தும் ஏன் போதவில்லை என்பதற்கு உங்கள் தட்டின் எடையே விடை சொல்கிறது. ஓட்ஸ் உறிஞ்சிய நீரையும் சேர்த்தால், நீங்கள் ஒரு நாளில் உண்பது ஏறத்தாழ 2.6 கிலோ. அதில் 1,600 கலோரி என்றால் ஒரு கிராமுக்கு 0.6 கலோரிதான். இரைப்பையின் சுவர் விரிவதை உணரும் நரம்புகள் மூளைக்குப் போதும் என்று சொல்வது பெரும்பாலும் கன அளவை வைத்துத்தான். உள்ளே போனது வெள்ளரிக்காயா வேர்க்கடலையா என்ற கணக்கு அந்த நரம்புகளுக்குத் தெரியாது. இதே கலவையில் 2,400 கலோரி பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு நான்கு கிலோ உண்ண வேண்டியிருக்கும். அது யாராலும் தொடர்ந்து முடிகிற காரியம் இல்லை. எனவே உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

2021-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவையும், இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, விலங்குப் பொருள்கள் மிகுந்த உணவையும் கொடுத்து, விரும்பிய அளவு உண்ணச் சொன்னார்கள். தாவர உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் ஏறத்தாழ 700 கலோரி குறைவாக உண்டார்கள். பசியைப் பற்றியும் வயிறு நிறைந்ததைப் பற்றியும் கேட்டபோது இரண்டு உணவிலும் ஒரே மாதிரியான விடையைத்தான் சொன்னார்கள். எடை குறைய வேண்டியவருக்கு இது வரம். உங்களைப் போல் ஏற்கெனவே ஒல்லியாக இருந்தவருக்கு இதுவே ஆபத்தாக முடிகிறது.

நூறு கிராமுக்கு எவ்வளவு என்பதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கீரையும் வெள்ளரிக்காயும் தக்காளியும் 15 முதல் 25 கலோரி வரை. பெரும்பாலான பழங்கள் 40 முதல் 60, வாழைப்பழம் மட்டும் 90-ஐ நெருங்கும். வேகவைத்த நிலையில் உருளைக்கிழங்கு 87, பருப்பு 116, சோறு 110 முதல் 130, கொண்டைக்கடலை 164. பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் 280 முதல் 300. நிலக்கடலை, பாதாம், எள், வால்நட் ஆகியவை 550 முதல் 650 வரை. உங்கள் நாளில் பெரும்பகுதி எடை முதல் இரண்டு வகைகளிலேயே போய்விடுகிறது, கடைசி வகையோ அறவே இல்லை.

ஆகவே பச்சைக் காய்கறிகளைக் குறையுங்கள். இப்படி ஒருவருக்கு அறிவுரை சொல்ல நேரும் என்று நான் நினைத்ததில்லை, ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது இதுதான். எடுத்துக்காட்டாக ஒரு நாள்: காலையில் ஓட்ஸை 100 கிராமாக உயர்த்தி, அதில் 30 கிராம் அரைத்த நிலக்கடலையும் இரண்டு வாழைப்பழங்களும் சிறிது உலர்திராட்சையும் சேர்த்தால் 820 கலோரி. நண்பகலில் சோறு 300 கிராம், பருப்பு 250 கிராம், சமைத்த காய்கறி 150 கிராம், மேலே 20 கிராம் எள் விழுது என்றால் 800. மாலையில் ஒரு கைப்பிடி பாதாமும் சில பேரீச்சம்பழங்களும் 310. இரவில் உருளைக்கிழங்கு 400 கிராம், கொண்டைக்கடலை 150 கிராம், சிறிய கிண்ணத்தில் சூப் என்றால் 640. மொத்தம் 2,500-ஐத் தாண்டுகிறது. உணவின் எடையோ 2.2 கிலோதான், நீங்கள் இப்போது உண்பதைவிடக் குறைவு. இவற்றில் முழு உணவு அல்லாத பொருள் ஒன்றுகூட இல்லை.

ஒரு வாரத்துக்கு மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கண் பழகும் வரை போதும்.

மறுமொழி 2

மேலே உள்ள கணக்கோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் குளிர்ந்த கைகளையும் விடியற்காலை விழிப்பையும் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் நெடுந்தொலைவு ஓடுபவள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ உங்களைப் போலவே உண்டேன். எனக்கும் பசி இல்லை. ஓட்ட நேரம் முதலில் நன்றாகக் குறைந்தது. எடை இறங்கியதால் வேகம் கூடியது என்று மகிழ்ந்தேன். ஏழாவது மாதத்தில் மாதவிடாய் நின்றது. பயிற்சி அதிகம் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று உடன் ஓடியவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிறகு காலில் மயிரிழை முறிவு ஏற்பட்டு, எலும்பின் அடர்த்தியை அளந்து பார்த்தபோதுதான் உடல் எதையெல்லாம் விற்றுச் செலவை ஈடுகட்டியிருக்கிறது என்று தெரிந்தது. பயிற்சிக்குச் செலவிட்டது போக, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கலோரிக்குக் குறைவாகவே மிஞ்சினால், உடல் இனப்பெருக்கம், எலும்பு வளர்ச்சி, உடல் வெப்பம் போன்றவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளத் தொடங்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். இந்த நிலைக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் தனிப் பெயரே கொடுத்தது. ஆண்களுக்கும் இது வரும். அவர்களிடம் மாதவிடாய் போன்ற வெளிப்படையான அடையாளம் இல்லாததால், தெரிய வருவதற்கு இன்னும் நாளாகிறது என்பதே வேறுபாடு.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945 ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வைப் பற்றிப் படித்தபோது நான் அழுதுவிட்டேன். நலமாக இருந்த 36 இளைஞர்கள் ஆறு மாதம் ஏறத்தாழ 1,600 கலோரியில் வாழ்ந்தார்கள். வெயில் காலத்திலும் குளிர்கிறது என்றார்கள், எரிச்சலுற்றார்கள், வலுவிழந்தார்கள், ஓயாமல் உணவைப் பற்றியே பேசினார்கள். அவர்களுக்குப் பசி இருந்தது. நமக்கு நார்ச்சத்தும் நீரும் வயிற்றை நிரப்பி அந்த ஒரே எச்சரிக்கை மணியையும் அடைத்துவிடுகின்றன. உங்கள் உணவின் கணக்கும் அதே 1,600-இல் வந்து நிற்பதைப் பார்த்தபோதுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். உண்ணும் வரிசையை மாற்றினேன். முதலில் சோறும் பருப்பும், அதன்பின் காய்கறி, இடம் இருந்தால் சூப். முன்பு சாலட்டில் தொடங்குவேன், பாதியிலேயே வயிறு நிறைந்து சோற்றை ஒதுக்கிவைப்பேன். பசிக்காகக் காத்திராமல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உண்டேன். ஓடி முடித்ததும் எதையும் மெல்லப் பிடிக்காது என்பதால் வாழைப்பழம், ஓட்ஸ், கடலை விழுது, சோயாப் பால் ஆகியவற்றை ஒன்றாக அரைத்துக் குடித்தேன். அரைத்தால் அது முழு உணவு ஆகாது என்று சிலர் வாதிடுவார்கள். நார் உட்பட எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது. அத்துடன், குடிக்கும் கலோரி அதே அளவு மென்று உண்பதைப் போல வயிற்றை அடைப்பதில்லை என்பது நம் நிலைக்கு நல்லதே. பத்து மாதம் கழித்து மாதவிடாய் திரும்பியது. இன்றும் தாவர உணவுதான் உண்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்டைகளைச் சேர்க்கச் சொன்னபோது எனக்கு அச்சமாக இருந்தது. தட்டில் 30 கிராம் பாதாமை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அதை வெறும் உணவுக் கணக்காகக் கருதாமல், யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்.

மறுமொழி 3

நான் உணவியல் பயின்று அத்துறையில் பணியாற்றுகிறேன். இருவரும் எழுதியதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவதாக, மருத்துவரைப் பாருங்கள். உங்கள் உடல் நிறைச் சுட்டெண் இப்போது 18.1, அதாவது 18.5 என்னும் கீழ் எல்லைக்கும் கீழே. நான்கு மாதத்தில் எடையில் 13 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. முயலாமலே ஓராண்டுக்குள் ஐந்து விழுக்காடு குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. உங்கள் கணக்கில் காரணம் கண்ணெதிரே தெரிகிறது என்றாலும், தைராய்டு மிகுதி, நீரிழிவு, சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) ஆகியவை இல்லை என்பதை எளிய இரத்தப் பரிசோதனைகளாலேயே பெரும்பாலும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். உணவு மாறிய காலமும் நோய் தொடங்கிய காலமும் ஒன்றாக அமைந்து, உணவின் மீதே பழியைப் போட்டு நோயைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கொழுப்பைப் பற்றிய உங்கள் அச்சம். எண்ணெயும் கூடாது, கொட்டைகளும் கூடாது என்ற கடுமையான விதி பரவியதற்கு அமெரிக்க அறுவை மருத்துவர் கால்டுவெல் எஸ்ஸல்ஸ்டின் முக்கியக் காரணம். அவர் 1980-களின் நடுவில் கடுமையான இதயத் தமனி நோய் உடையவர்களைக் கொண்டு தம் ஆய்வைத் தொடங்கினார். கொட்டைகளைத் தவிர்க்கச் சொன்னது அத்தகைய நோயாளிகளுக்காக. இதய நோய் இல்லாத, எடை குறைந்த, நாள்தோறும் மிதிவண்டி ஓட்டும் 34 வயதுக்காரர் அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தந்தையின் மாரடைப்பை நினைத்து நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. அதனாலேயே இதைச் சொல்கிறேன்: ஸ்பெயினில் இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த ஏறத்தாழ 7,400 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், மத்தியதரைக் கடல் உணவு முறையோடு நாள்தோறும் 30 கிராம் கொட்டைகள் உண்ட பிரிவினருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்த எண்ணிக்கை ஒப்பீட்டுப் பிரிவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. வால்நட், பாதாம் போன்றவை கெட்ட கொலஸ்ட்ராலைச் சற்றுக் குறைப்பதும் பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

கொட்டைகளை எந்த வடிவில் உண்கிறீர்கள் என்பதும் பொருட்படுத்த வேண்டியது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் அளந்து பார்த்தபோது, 28 கிராம் முழுப் பாதாமிலிருந்து உடலுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 129 கலோரிதான். பொட்டலத்தில் அச்சிடுவதோ 170 அளவில். பற்கள் உடைக்காமல் விட்ட செல்களின் சுவருக்குள் எஞ்சிய கொழுப்பு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. விழுதாக அரைத்த பாதாமில் இந்த இழப்பு ஏறத்தாழ இல்லை. எடையைக் குறைக்க விரும்புபவர் முழுதாக மெல்லட்டும், நீங்கள் அரைத்து உண்ணுங்கள். ஆளிவிதைக்கும் இதே கதைதான். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும்.

புரதத்தைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டாம். பருப்பும் பயறும் தானியமும் அடங்கிய உணவில் கலோரி போதுமானதாக இருந்தால் புரதமும் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். கலோரி போதாதபோதுதான் உடல் உண்ட புரதத்தையும் எரிபொருளாக்கிவிடுகிறது. பயிற்சி செய்தும் உங்கள் வலு குறைவதற்கு அது ஒரு காரணமாக இருக்கக்கூடும். பி12 வைட்டமினை மட்டும் தாவர உணவிலிருந்து நம்பகமாகப் பெற முடியாது, மாத்திரை கட்டாயம். அயோடினும் வைட்டமின் டி-யும் போதுமான அளவு கிடைக்கின்றனவா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை மீளும் வரை மிதிவண்டியில் விரைவதையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். வரவைக் கூட்டும்போது செலவையும் கவனிக்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவரைப் பார்த்தேன். தைராய்டு, சர்க்கரை, சீலியாக் பரிசோதனைகள் எல்லாம் இயல்பாகவே உள்ளன. பி12 மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். ஒரு வாரம் நிறுத்துப் பார்த்ததில், நான் உண்டது நாளுக்கு 1,650 கலோரிதான் என்று தெரிந்தது. அந்த எண்ணைத் தாளில் பார்த்தபோதுதான் உண்மையில் நம்பினேன். பிறகு காலை ஓட்ஸையும் இரவு உணவையும் நீங்கள் சொன்னபடி மாற்றினேன். எடை இப்போது 52.6. கைகளில் சூடு திரும்பியிருக்கிறது, சில நாள்களில் ஐந்து மணி வரை உறங்குகிறேன். சகோதரி எழுதியது போலவே, கடலை விழுதை முதன்முதலில் கரண்டியில் எடுத்தபோது எனக்கும் கை தயங்கியது. அவர் எழுதியிருந்ததால்தான் அந்தத் தயக்கத்தை அடையாளம் கண்டுகொண்டேன்.

ஒரு தொல்லை மட்டும் இருக்கிறது. கொண்டைக்கடலையையும் பீன்ஸையும் கூட்டியதிலிருந்து வயிறு உப்புசமாக இருக்கிறது. இரவில் அதனாலேயே குறைவாக உண்ண நேர்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

கைகளில் சூடு திரும்பியது என்று படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. உப்புசம் நானும் பட்டதுதான். பயறுகளில் நம் சிறுகுடலால் உடைக்க முடியாத சில சர்க்கரைகள் உள்ளன. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்றாகக் குழையும் வரை வேகவைத்தால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். கொண்டைக்கடலையை ஒரே பாய்ச்சலில் 150 கிராமுக்குக் கொண்டுபோகாமல், 50 கிராமிலிருந்து வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். குடலும் பழகிக்கொள்ளும். அதுவரை அந்த இடத்தைத் தோல் நீக்கி உடைத்த பருப்பாலும் டோஃபுவாலும் நிரப்பலாம், இரண்டும் வயிற்றுக்கு எளிது. பெரிய பயறு வகைகளை நண்பகலுக்கு மாற்றிவிட்டு, இரவில் உருளைக்கிழங்கையோ சோற்றையோ கூட்டி எள் விழுதோடு உண்டு பாருங்கள். எனக்கு மூன்றாவது வாரத்தில் சரியானது.